சிண்டு பொம்மை

சிண்டு ஒரு சுட்டிப் பையன். புனேயின் ‘சகாள்’ நாளிதழில் 1991இல் படக்கதையாக வந்தான். அவனைக் குரோஷா ஊசியால் பொம்மையாகப் பின்னலாம்.

முதலில் தலை. நூல் வளையத்தில் 6 கண்ணி பின்னுங்கள். அடுத்த சுற்றில் கண்ணிக்கு இரண்டாகப் பின்னினால் 12. மூன்றாம் சுற்றில் ஒன்று விட்டு ஒன்றில் இரண்டு பின்னினால் 18.

ஒவ்வொரு சுற்றின் கணக்கையும் நோட்டில் எழுதுங்கள். எழுதாவிட்டால் ஒரு கால் நெட்டை, ஒரு கால் குட்டை!

இறுக்கமாகப் பின்னுங்கள். இல்லையென்றால் உள்ளே அடைத்த பஞ்சு வெளியே வரும்.

கண்ணுக்குப் பொத்தான், மணி வைக்காதீர்கள். அது கழன்றால் குழந்தை வாயில் போடும். தொண்டையில் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. கறுப்பு நூலால் கண்ணைத் தையுங்கள்.

கணக்குப் போடுவோம்: நான்காம் சுற்றிலும் 6 கூட்டினால் எத்தனை கண்ணி?