நிக்கோபார் தந்த சைக்கிள் வீரர்கள்: முக்கியக் குறிப்புகள்

அந்தமான் நிக்கோபார் என்றால் செல்லுலார் சிறை, பத்து டிகிரி கால்வாய், சேடில் சிகரம் என்று மூன்று வரி படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். விளையாட்டுப் பகுதியில் இந்தத் தீவுகளைத் தேடுவதே இல்லை. ஆனால் உலகச் சைக்கிள் சாம்பியன்ஷிப்பில் இந்தியாவுக்கு முதல் பதக்கம் வாங்கித் தந்தவர் இந்தத் தீவுகளின் இளைஞர். அவருக்கு முன்பே பாதை போட்டவர் ஒரு பெண். முதலில் அவரைப் பற்றி.

டெபோரா ஹெரால்டு

• பிறப்பு: 18 பிப்ரவரி 1995. விளையாட்டு: டிராக் சைக்கிள் பந்தயம். சிறப்புப் பிரிவுகள்: 500 மீட்டர் டைம் டிரையல், ஸ்பிரின்ட், குழு ஸ்பிரின்ட்.

• 26 டிசம்பர் 2004, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ரா கடலடியில் 9.1 அளவில் நிலநடுக்கம் வந்தபோது இந்திய நேரம் காலை சுமார் 6.29. சென்னைக் கடற்கரையை அலை எட்ட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நிக்கோபாருக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. நிலம் ஆடி அடங்கியதும் கடல் உள்ளே வந்துவிட்டது. கார் நிக்கோபார் விமானப்படைத் தளத்தில் மட்டும் வீரர்களும் குடும்பத்தினருமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்போது டெபோராவுக்கு 9 வயது. ஒரு மரத்தைப் பற்றிக்கொண்டு நாட்கணக்கில் உயிர் பிழைத்துக் கிடந்த சிறுமி அவர். அந்த அலையை நம் நாகப்பட்டினமும் கடலூரும் கண்டன. கரையோரத்தில் வளர்ந்த தேர்வர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

• 2015: பெண்கள் 500 மீட்டர் டைம் டிரையலில் உலகத் தரவரிசையில் 4-ஆம் இடம், 20 வயதில். தரவரிசையை வெளியிடுவது யூ.சி.ஐ. எனப்படும் சர்வதேசச் சைக்கிள் ஒன்றியம். அதற்கு முன் எந்த இந்தியச் சைக்கிள் வீராங்கனையும் இந்த உயரத்தைத் தொட்டதில்லை. எழுதிவைத்துக்கொள்ள வேண்டிய மூன்று எண்கள்: 500, 4, 2015.

• 2017 ஆசிய டிராக் சாம்பியன்ஷிப், புதுடெல்லி: குழு ஸ்பிரின்டில் வெண்கலம். உடன் ஓட்டியவர் கேரளத்தின் அலீனா ரெஜி. அப்போது பெண்கள் குழு ஸ்பிரின்ட் என்றால் இருவர், இரண்டு சுற்று; இப்போது பெண்களுக்கும் மூவர், மூன்று சுற்று. பழைய புத்தகத்தில் படித்தவர்கள் இந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும்.

• 2018: கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் இந்திய அணியில் இடம்.

டிராக் சைக்கிள் என்றால் என்ன?

• பெயர்களை மனப்பாடம் செய்கிறோமே தவிர, அந்த வண்டி எப்படிப்பட்டது என்று பார்ப்பதில்லை. டிராக் சைக்கிளுக்கு பிரேக் கிடையாது. கியர் மாற்ற முடியாது. பின் சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழன்றுகொண்டே இருக்கும். காலை நிறுத்தி இளைப்பாற வழியில்லை. வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் பெடலைக் காலால் எதிர்த்து அழுத்த வேண்டும். ஓடுதளத்தின் வளைவுகள் ஏறக்குறைய 42 பாகை சாய்ந்து சுவர்போல் நிற்கும். வேகம் குறைந்தால் அந்தச் சரிவிலிருந்து வழுக்கி விழ வேண்டியதுதான்.

• புதுடெல்லி இந்திரா காந்தி மைதான வளாகத்தில் உள்ள உள்ளரங்க வெலோட்ரோம்: 250 மீட்டர் மரத்தளம், 2010 காமன்வெல்த் போட்டிக்காகக் கட்டப்பட்டது. தேசிய சைக்கிள் அகாடமி இயங்குவதும் இதே வளாகத்தில்தான். தீவுப் பிள்ளைகள் கடல் கடந்து வந்து தங்கிப் பயிற்சி பெறும் இடம் இது.

• கெய்ரின்: ஜப்பானில் 1948-இல் தொடங்கிய பந்தயம். ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு 2000 சிட்னியிலும் பெண்களுக்கு 2012 லண்டனிலும் சேர்க்கப்பட்டது. 250 மீட்டர் தளத்தில் ஆறு சுற்று. முதல் மூன்று சுற்றுக்கு ஒரு மோட்டார் வண்டி முன்னே போய் மெல்ல வேகத்தைக் கூட்டும். ஆண்கள் போட்டியில் மணிக்கு 50 கிலோமீட்டரைத் தொட்டதும் அது விலகிவிடும். மீதி மூன்று சுற்று முழு மூச்சுப் பாய்ச்சல். அடுத்து வரும் பெயருக்கு இது தேவை.

ஈசோ ஆல்பன்

• பிறப்பு: 2001. அந்தமான் நிக்கோபார்.

• 2018 உலக ஜூனியர் டிராக் சாம்பியன்ஷிப், ஏகிள், சுவிட்சர்லாந்து: கெய்ரினில் வெள்ளி. உலகச் சாம்பியன்ஷிப்பில் இந்தியாவின் முதல் சைக்கிள் பதக்கம் இதுதான். யூ.சி.ஐ.யின் தலைமையகமும் ஏகிள் நகரில்தான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் மறக்காது.

• 2019 உலக ஜூனியர் டிராக் சாம்பியன்ஷிப், ஃப்ராங்க்ஃபர்ட், ஜெர்மனி: குழு ஸ்பிரின்டில் தங்கம். இந்தப் போட்டியில் இந்தியாவின் முதல் தங்கம் இது. ஈசோவுடன் மணிப்பூரின் ரொனால்டோ சிங் லைதோன்ஜம், ரோஜித் சிங். அதே போட்டியில் தனிநபர் ஸ்பிரின்டில் வெள்ளியும் கெய்ரினில் வெண்கலமும் ஈசோவுக்கு.

• குழப்பிக்கொள்ளும் இடம்: முதல் பதக்கம் 2018, வெள்ளி, தனிநபர். முதல் தங்கம் 2019, குழு. விமான நிலையத்தால் நமக்குப் பழக்கமான பெரிய ஃப்ராங்க்ஃபர்ட் வேறு. இது போலந்து எல்லையில் ஓடர் ஆற்றங்கரையில் உள்ள சிறு நகரம்.

டேவிட் பெக்காம், சைக்கிள் வீரர்

• முழுப்பெயர் டேவிட் பெக்காம் எல்கதோசூங்கோ. ஊர் கார் நிக்கோபார். இங்கிலாந்துக் கால்பந்து வீரரின் நினைவாக வைத்த பெயர். சுனாமி வந்தபோது கைக்குழந்தைப் பருவம். ரொனால்டோவும் பெக்காமும் ஒரே அணியில் இருப்பது கால்பந்தில் நடந்தால் செய்தி. இந்தியச் சைக்கிள் அணியில் அது வழக்கமான பட்டியல். 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டிக்கு ஈசோ, ரோஜித், ரொனால்டோ, பெக்காம் நால்வரும் போனார்கள்.

• ஏன் நிக்கோபாரிலிருந்து இத்தனை பேர்? கார் நிக்கோபார் பெரும்பாலும் சமதளமான பவளத்தீவு. சைக்கிள் மிதிக்க ஏற்ற நிலம். படகும் நீச்சலுமாக வளரும் பிள்ளைகளின் உடல்வலு இன்னொரு காரணம் என்பது என் கணிப்பு. ஊரைவிட்டு வெகு தொலைவு போய் வருடக்கணக்கில் தங்கும் மனத்திடம் அதைவிடப் பெரிது. கார் நிக்கோபாரிலிருந்து ஸ்ரீ விஜயபுரத்துக்கே (பழைய போர்ட் பிளேயர்) கடல்வழி சுமார் 270 கிலோமீட்டர். அங்கிருந்து சென்னைக்குக் கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள்.

சேர்த்துப் படிக்க

• போர்ட் பிளேயர், ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம்: செப்டம்பர் 2024. மாவட்டங்கள் 3. அந்தமானையும் நிக்கோபாரையும் பிரிப்பது பத்து டிகிரி கால்வாய்.

• இந்திரா முனை, பெரிய நிக்கோபார்: நாட்டின் தென்கோடி. 2004-இல் இங்கே நிலம் நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி இன்றும் தண்ணீரில் நிற்கிறது.

• கட்சால் தீவு: சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி (1964) இலங்கையிலிருந்து வந்த தமிழர்களில் ஒரு பகுதியினர் ரப்பர் தோட்ட வேலைக்காகக் குடியேறிய இடம். சுனாமியில் மிகக் கடுமையாக அடிபட்ட தீவுகளில் ஒன்று.

• நிக்கோபாருக்குச் சோழர் காலப் பெயர் மாநக்கவாரம். முதலாம் இராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் வருகிறது.