கூடுதல் சம்பளமா, பிடித்த வேலையா?

கேள்வி: பி.காம். முடித்த என் மகனுக்கு இரண்டு இடங்களில் வேலை கிடைத்திருக்கிறது. ஒன்றில் சம்பளம் அதிகம். மற்றது அவனுக்குப் பிடித்த வேலை. எதற்கு அனுப்புவது?
- வாசகி, விருதுநகர்

பதில்: கல்விக் கடனோ வீட்டுக் கஷ்டமோ இருந்தால், அதிகச் சம்பளத்தையே எடுக்கச் சொல்லுங்கள் அம்மா. அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

அப்படி நெருக்கடி இல்லையென்றால், ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959-ல் எழுதியதைக் கவனிக்கலாம். பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 பொறியாளர்கள், கணக்காளர்களிடம், வேலையில் எப்போது மகிழ்ந்தீர்கள், எப்போது நொந்தீர்கள் என்று அவருடைய குழு கேட்டது. மகிழ்ந்ததற்குச் சாதித்ததையும் பாராட்டையும் பொறுப்பையும் சொன்னார்கள். நொந்ததற்கு நிர்வாகத்தின் போக்கையும் மேலதிகாரியையும் சொன்னார்கள். ஆக, மேலதிகாரி யார் என்பதைச் சம்பளத்துக்கு இணையாக விசாரிக்க வேண்டும்.

நம் ஊரில் இன்னும் அடிப்படையான விஷயங்களே பாக்கி. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல்தான் சட்டத் திருத்தம் வந்தது! அதுவரை பகல் முழுக்க நின்றே கால் வீங்கிய பெண்கள் எத்தனை பேர். எனவே பி.எஃப். பிடிக்கிறார்களா, வார விடுமுறை உண்டா, நியமனக் கடிதம் கையில் தருவார்களா என்று தயங்காமல் கேட்கட்டும். அந்த நிறுவனத்திலிருந்து விலகிய ஒருவரிடம் பேசினால் உள்விவரம் தெரியும். முடிந்தால் இரவு எட்டு மணிக்கு இரண்டு அலுவலகங்களின் பக்கமும் போய், எங்கே இன்னும் விளக்கு எரிகிறது என்று பார்த்துவரச் சொல்லுங்கள்.