கசப்பு வேர் அருந்தும் மக்கள்: அச்சோலியர் பிணக்குத் தீர்க்கும் முறை

ஆபிரிக்காவில் உகண்டா நாட்டின் வட புறத்தே, தென் சூடான் எல்லையை அண்டி வாழ்பவர்கள் அச்சோலி மக்கள். குரக்கன், இறுங்கு, எள், நிலக்கடலை பயிரிட்டும் மாடு வளர்த்தும் சீவித்த கமக்காரர் இவர்கள். ஏறக்குறைய பத்து வருடங்கள் முகாம்களில் கிடந்து, பின்னர் தம் காணிகளுக்குத் திரும்பியவர்கள் என்பதனால் இவர்களுடைய வழமைகளை நாம் அறிந்திருப்பது நல்லது.

அச்சோலியர் குலம் குலமாக வாழ்பவர்கள். ஒரு குலத்தவன் வேறொரு குலத்தவனைக் கொன்றுவிட்டால் அது கொன்றவனுடைய குற்றம் மட்டுமன்று; அவனுடைய குலம் முழுவதன் மீதும் விழுந்த கடன். அந்த நாள் முதல் இரு குலங்களும் விலகி நிற்க வேண்டும். ஒன்றாக உண்பதில்லை, ஒரே கிணற்றில் அள்ளுவதில்லை, பெண் கொடுத்து எடுப்பதில்லை. பார்வைக்கு இது பகையை வளர்ப்பது போலத் தோன்றும். ஆனால் சூடான நேரத்தில் இரு பகுதியினரும் நேருக்கு நேர் சந்தித்தால் இன்னொரு கொலை விழும். விலகி இருக்கும் காலத்தில் கோபம் ஆறுகிறது; நடுநிலையான முதியவர்கள் இரு பக்கமும் போய் வர வழி பிறக்கிறது. இது மாதக் கணக்கில் அல்ல, சில வேளை வருடக் கணக்கில் நீடிக்கும். தீர்க்காமல் விடவும் முடியாது. கொல்லப்பட்டவரின் ஆவி அமைதியின்றி அலைந்து, கொன்றவர் வீட்டுக்கு நோயும் பயங்கரக் கனவும் கொண்டுவரும் என்பது அவர்களது நம்பிக்கை. அதைச் ‘சென்’ என்பார்கள்.

பேச்சு தொடங்குவதற்கு ஒரேயொரு நிபந்தனை உண்டு. செய்தவன் செய்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கே, எப்படி, ஏன் என்பதெல்லாம் முதியோர் முன் சொல்லப்பட வேண்டும். தவறுதலாக நடந்ததா, வேண்டுமென்று செய்ததா என்பதைப் பொறுத்து நட்டஈடு கூடும், குறையும். முற்காலத்தில் நட்டஈடாக ஒரு பெண்பிள்ளையையே கொடுத்தார்கள். இது எவ்வகையிலும் நியாயமானதல்ல. அச்சோலியரும் அதை விட்டு மாடுகளுக்கும், பின்னர் பணத்துக்கும் மாறிக்கொண்டனர். எனினும் அதன் பின்னால் இருந்த எண்ணத்தைக் கவனிக்கவேண்டும். அந்த மாடுகளைக் கொண்டு, இழந்த குடும்பம் ஒரு மருமகளை எடுக்கும். பிறக்கும் பிள்ளைக்கு இறந்தவரின் பெயர் இடப்படும். போன உயிருக்கு ஈடு இன்னோர் உயிர்தான், ஆனால் பிறக்கின்ற உயிர். நட்டஈட்டைக் குலத்தவர் எல்லோரும் சேர்ந்தே கொடுப்பர். ஆகவே அடுத்த முறை ஓர் இளைஞன் கத்தியைத் தூக்கும்போது அவனைத் தடுக்கும் அக்கறை உறவினர் ஒவ்வொருவருக்கும் இருக்கும்.

நட்டஈடு கொடுத்து முடிந்த பின்னரே ‘மாத்தோ ஓபுத்’ என்னும் சடங்கு. ‘ஓபுத் மரத்துக் கசப்பை அருந்துதல்’ என்பது இதன் பொருள். கொன்றவர் பக்கம் ஒரு செம்மறியையும் இழந்தவர் பக்கம் ஒரு வெள்ளாட்டையும் கொண்டுவரும். இரண்டையும் பாதியாக வெட்டிப் பாதிகளை மாற்றிக்கொள்வர். ஓபுத் மர வேரை இடித்து மதுவில் கலந்து ஒரு சுரைக் குடுவையில் வைப்பார்கள். இரு பக்கத்துப் பிரதிநிதிகளும் முழந்தாளிட்டு, கைகளைப் பின்னால் வைத்துக்கொண்டு, தலையோடு தலை முட்டக் குனிந்து ஒரே குடுவையிலிருந்து அருந்துவர். நடந்ததன் கசப்பை இருவரும் சேர்ந்தே விழுங்கவேண்டும். பின்னர் எல்லோரும் கூடிச் சாப்பிடுவர். விலக்கு அன்றோடு நீங்கும்.

இந்த வழமையைப் போர் கடுமையாகச் சோதித்தது. 1980களின் பிற்பகுதியில் மூண்ட போரில் மாடுகள் கொள்ளை போயின. ‘ஆண்டவரின் எதிர்ப்புப் படை’ எனத் தன்னை அழைத்த கிளர்ச்சிக் குழு பல்லாயிரம் சிறுவர் சிறுமியரைக் கடத்தியது. 1996 முதல் அரசாங்கம் கிராமத்தவரை முகாம்களுக்குள் திரட்டியது. 2005 அளவில் வட உகண்டாவில் ஏறத்தாழ 18 இலட்சம் பேர் இடம்பெயர்ந்திருந்தனர். முகாம் வாழ்க்கையை எமது வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் சொல்லலாம். அச்சோலியர் வீடுகளில் மாலையானதும் முற்றத்தில் தீ மூட்டிச் சுற்றி இருப்பார்கள். எது முறை, எது முறைகேடு, எந்தக் குலத்தோடு என்ன கடன் என்பதைப் பிள்ளைகள் முதியோரிடம் கேட்டறிந்தது அந்தத் தீயருகில்தான். ஊரடங்குச் சட்டமும் நெருக்கமான குடிசைகளும் அந்தத் தீயை அணைத்துவிட்டன.

பிடித்துச் செல்லப்பட்டுப் படையில் சேர்க்கப்பட்ட பிள்ளைகள் திரும்பி வந்தபோது வேறொரு வழமை கைகொடுத்தது. வீட்டுக்குள் நுழையுமுன் அவர்கள் ஒரு முட்டையை மிதித்து உடைப்பார்கள். பக்கத்தில் ‘லாயிபி’ என்னும் தடியும் வைக்கப்படும். குரக்கன் களஞ்சியத்தின் மூடியைத் தூக்கி நிறுத்தும் தடி அது. “நீ முன்பு உண்ட அதே களஞ்சியத்தில் இனியும் உண்பாய்” என்பதே அதன் பேச்சு. 2000ஆம் ஆண்டின் பொதுமன்னிப்புச் சட்டத்துக்காகக் கத்தோலிக்க, அங்கிலிக்கன், முஸ்லிம் தலைவர்கள் கூடி உழைத்தனர். ஆயினும் யார் யாரைக் கொன்றார் என்றே தெரியாத போர்க் கொலைகளுக்கு மாத்தோ ஓபுத் போதாது எனப் பல அச்சோலியரே சொன்னார்கள். ஒப்புக்கொள்ள ஆள் இல்லாதபோது குடுவையின் முன் முழந்தாளிடுவது யார்?

2006 ஓகஸ்டில் போர்நிறுத்தம் கையொப்பமான பின்னர் மக்கள் படிப்படியாகத் திரும்பினர். அப்போது எழுந்த பிணக்குகளில் பெரும்பாலானவை காணி எல்லை பற்றியவை. எல்லை தெரிந்த முதியோர் பலர் முகாமிலேயே இறந்துவிட்டனர்; அடையாள மரங்கள் விறகாகிவிட்டன; முகாமில் வளர்ந்த இளைஞருக்குத் தந்தையின் வயல் எது என்றே தெரியாது. எஞ்சிய முதியோர் அயலவர் சகிதம் எல்லையை நடந்து காட்டினர். சில இடங்களில் புதிதாக மரம் நட்டு, வரைபடம் கீறி, இரு பகுதியினரும் கையொப்பம் இட்டனர்.

விதவைகளின் நிலை வேறு. கணவனின் சகோதரர் அவர்களைக் காணியிலிருந்து துரத்தியபோது, வழக்கைக் கேட்க அமர்ந்த முதியோரும் கணவனின் குலத்தவரே. வழமைப்படி விதவைக்கு அந்தக் காணியில் உரிமை உண்டு. அதை எடுத்துச் சொல்லத்தான் ஆள் இருக்கவில்லை. 2008இல் அச்சோலித் தலைவர்களின் பேரவை காணி வழமைகளை எழுத்தில் வடித்து வெளியிட்டது. அதன் பின் ஒரு விதவை, தன் மைத்துனர்மார் முன்னிலையில் சுட்டிக்காட்டக்கூடிய ஒரு புத்தகமாவது இருந்தது.