குடியிருக்க வீடு: பட்டணமா, நாட்டுப்புறமா?

வியாபாரச் சகோதரர்களே!

கடைக்கு இடம் பிடிக்கும்போது பத்துத் தடவை கணக்குப் பார்ப்பவர்கள், குடியிருக்க வீடு பிடிக்கும்போது வாடகை ஒன்றை மட்டும் கேட்டுவிட்டுச் சாவியை வாங்கிக்கொள்வதைப் பார்க்கிறோம். இதனால் வரும் நட்டம் சிறிதன்று. ஆகவே, இது விஷயமாகச் சில பாடங்களை இங்கே எழுதுகிறோம்.

முன்னாளில் நம்மவருக்கு இக்கவலை குறைவு. பினாங்கு சூலியா வீதிப் பக்கத்துக் கடைவீடுகளில் கீழே வியாபாரம், மேலே குடியிருப்பு. 1948 ஜனவரி முடிவதற்குள் கட்டப்பட்ட கட்டிடங்களின் வாடகையை 1966ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஏறாமல் பிடித்து வைத்திருந்தது. 1997இல் அதை நீக்கச் சட்டம் வந்தது. கொடுத்த தவணையும் 1999 முடிவோடு தீர்ந்தது. பிறகு வாடகை உயர்ந்தது. பல குடும்பங்கள் வேறிடம் தேடிப் போயின.

முதல் பாடம்: வாடகையோடு வழிச்செலவையும் கூட்டுக. ஓர் உதாரணம் சொல்கிறோம். கடை ஜார்ஜ் டவுனில் இருக்கிறது. அங்கே வீட்டு வாடகை 1,300 வெள்ளி, நிபோங் திபாலில் 700 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 600. காரில் போய்வர எண்ணெய், பாலத்து டோல் எல்லாம் சேர்த்து நாளுக்கு 15 வெள்ளி என்றால், 26 நாளைக்கு 390. பிள்ளைகள் இருவருக்குப் பள்ளிக்கூட பஸ் 160. ஆக, கையில் நிற்பது 50 வெள்ளிதான். இதற்காக நாளுக்கு இரண்டு மணி நேரம் வழியில் போகிறது. மாதத்தில் 52 மணி!

அதே ஆள் மோட்டார் சைக்கிளில் போனால் கணக்கு மாறும். 2019 முதல் பினாங்குப் பாலங்களில் மோட்டார் சைக்கிளுக்கு டோல் இல்லை. நாளுக்கு 5 வெள்ளி போதுமென்றால் 310 வெள்ளி மிஞ்சும். ஆனால் இரவு வெகுநேரம் கடை திறந்திருப்பவர் மழையையும் இருட்டையும் நினைக்க வேண்டும். கடையே நாட்டுப்புறத்தில் உள்ளவருக்கோ யோசனையே வேண்டாம்.

இரண்டாம் பாடம்: வீடு யாருடையது, நிலம் யாருடையது என்று கேளுங்கள். கம்பத்து வீடுகளில் சில, பிறர் நிலத்தில் கட்டியவை. வீட்டுக்காரர் நல்லவராயிருந்தாலும் நிலத்துக்காரர் விற்றுவிட்டால் நாம் மூட்டை கட்ட வேண்டியதுதான். கெரானைக் காட்டச் சொல்லிப் பார்ப்பதில் வெட்கமில்லை.

மூன்றாம் பாடம்: வாய்ப்பேச்சை நம்பாமல் ஒப்பந்தம் எழுதி, 30 நாளுக்குள் முத்திரைத் தீர்வை கட்டுங்கள். ஒரு வருஷ ஒப்பந்தத்திற்கு ஆண்டு வாடகையில் 250 வெள்ளிக்கு ஒரு வெள்ளி. 700 வெள்ளி வீட்டுக்கு 34 வெள்ளிதான். முத்திரையில்லாத தாளைக் கோர்ட்டு சாட்சியமாக ஏற்காது. மூன்று வருஷத்திற்கு மேற்படாத வாடகையை நில அலுவலகத்தில் பதிய வேண்டியதில்லை. ஆயினும் கெரானில் குறிப்பு ஏற்றிக்கொண்டால், நிலம் கைமாறினாலும் புதுச் சொந்தக்காரரை அது கட்டுப்படுத்தும். டெபாசிட் பணத்துக்கு ரசீதும் வாங்கி வையுங்கள்.

நான்காம் பாடம்: வாடகையைப் பாக்கி வைக்காதீர்கள். 1951ஆம் வருஷத்துச் சட்டப்படி, சொந்தக்காரர் கோர்ட்டு வாரண்டு பெற்று, 12 மாதம் வரையுள்ள பாக்கிக்காக அவ்விடத்திலுள்ள சாமான்களைப் பிடிக்கலாம். கடையும் வீடும் ஒரே கட்டிடத்தில் உள்ளவர்களுக்குச் சரக்கும் போய்விடும். அதே சமயம், கோர்ட்டு உத்தரவில்லாமல் குடியிருப்பவரை வெளியே தள்ளிப் பூட்டுப் போடச் சொந்தக்காரருக்கும் உரிமை கிடையாது.

ஆகவே, வீடு பார்க்கப் போகும்போது கடைக் கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை அதற்கென்று ஒதுக்குங்கள். வாடகை, வழிச்செலவு, பள்ளிச்செலவு, வழியில் போகும் நேரம் ஆகிய நான்கையும் எழுதிக் கூட்டிப் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள். சகோதரர்கள் இதனைக் கவனிப்பார்களாக!