எஞ்சின் புதுப்பித்தலும் கடைசல் பட்டறையும்

பயிருக்கு நீர் இறைக்கும் டீசல் எஞ்சின் பல பருவங்கள் உழைத்த பின் தளர்ச்சி அடைவது இயல்பு. காலையில் அது எளிதில் புறப்படாது; புகைக்குழாயில் நீலப் புகை எழும்; மசகெண்ணெய் விரைவாகக் குறையும்; முன்பு ஒரு மணி நேரத்தில் பாய்ந்த நிலத்திற்கு ஒன்றரை மணி நேரம் தேவைப்படும். உத்தரப் பிரதேசம், பீகார் முதலிய மாநிலங்களில் ஏராளமான குழாய்க் கிணறுகள் இத்தகைய எஞ்சின்களை நம்பியே இயங்குகின்றன. பயிர் பூக்கும் வேளையில் எஞ்சின் நின்றுவிட்டால், அந்தப் பருவத்தின் வருவாயே ஐயத்திற்குரியதாகிவிடும்.

எஞ்சினைக் கழற்றிப் பூட்டும் வேலையைக் கிராம மெக்கானிக் செய்வார். ஆனால் சிலிண்டர் சீவுதல், கிராங்க் தண்டைச் சாணை பிடித்தல், ஹெட்டைச் சமன் செய்தல் ஆகியவற்றிற்கு நகரத்திலுள்ள கடைசல் பட்டறையை நாடியே ஆகவேண்டும். பட்டறைக்காரர் தமக்குச் சொல்லப்பட்ட அளவுக்குச் சீவித் தருகிறார். அந்த அளவு தவறாயின், மிகத் திறமையான வேலையும் பயனற்றுப் போகும். சீவிய உலோகத்தைத் திரும்ப ஒட்ட இயலாது. ஆகவே அளத்தல், முடிவு செய்தல், எழுதிக் கொடுத்தல் ஆகிய மூன்றும் சீவுதலுக்கு முன்பே நிறைவுற வேண்டும். இவற்றில் கள ஊழியர் விவசாயிக்கு எவ்வாறு துணை நிற்கலாம் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

தேய்வு நிகழும் விதம்

80 மில்லிமீட்டர் துளையும் 110 மில்லிமீட்டர் வீச்சும் உடைய 5 குதிரைத்திறன் எஞ்சின் ஒன்றை எடுத்துக்கொள்வோருக்கு ஒரு சிறு கணக்கு பல உண்மைகளைக் காட்டும். ஒரு சுற்றில் பிஸ்டன் மேலும் கீழுமாக 220 மில்லிமீட்டர் நகர்கிறது. நிமிடத்திற்கு 1,500 சுற்று எனில், ஒரு மணி நேரத்தில் அது நகரும் தொலைவு 19.8 கிலோமீட்டர். ஆயிரம் மணி நேர உழைப்பில் ஏறக்குறைய 19,800 கிலோமீட்டர். அதாவது பூமியைப் பாதி சுற்றி வரும் தொலைவு. இவ்வளவும் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றின் மீதே நடைபெறுகிறது.

தேய்வு எல்லா இடத்திலும் ஒரே சீராக நிகழ்வதில்லை. பிஸ்டன் மேல் முனையில் ஒரு கணம் நிற்கும்போது எண்ணெய்ப் படலம் மிக மெல்லியதாகிறது. வாயுவின் அழுத்தமும் உஷ்ணமும் அங்கேதான் மிகுதி. ஆதலால் மேல் ரிங் நின்று திரும்பும் இடத்தில் துளை அதிகமாக அகல்கிறது. அடிப்பகுதி ஏறக்குறைய பழைய அளவிலேயே இருக்கும். மேலும், கனெக்டிங் ராடு சாய்ந்து தள்ளுவதால், கிராங்க் தண்டுக்குக் குறுக்கான திசையில் தேய்வு மிகும். வட்டமான துளை முட்டை வடிவாகும்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. அழுத்தப்பட்ட காற்றின் உஷ்ணமே எரிபொருளைப் பற்றவைக்கிறது. நல்ல நிலையிலுள்ள எஞ்சினில் அந்த உஷ்ணம் 500 டிகிரி சென்டிகிரேடு அளவை எட்டக்கூடும். தேய்ந்த துளையின் இடுக்குகளில் காற்று நழுவும்போது அழுத்தமும் உஷ்ணமும் ஒருங்கே குறைகின்றன. குளிர்ந்த காலை வேளையில் எஞ்சின் அடம் பிடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணமாகும்.

ரிங்கைக் கொண்டு அளத்தல்

துளையை அளக்கப் பட்டறைகளில் டயல் போர் கேஜ் உண்டு. அக்கருவி இல்லாத கிராமத்திலும், ஒரு பிஸ்டன் ரிங்கும் ஒரு பீலர் கேஜும் இருந்தால் தேய்வை மதிப்பிட இயலும். துளையைச் சுத்தம் செய்து, ரிங்கை மட்டும் உள்ளே இட்டு, பிஸ்டனைத் தலைகீழாகச் செலுத்தி அதனைச் சமமாகத் தள்ள வேண்டும். முதலில் அதிகம் தேய்ந்த மேலிடத்திலும், பின்னர் தேயாத அடியிடத்திலும் ரிங்கின் இரு முனைகளுக்கு இடையிலுள்ள இடைவெளியை அளக்க வேண்டும்.

வட்டத்தின் சுற்றளவு விட்டத்தைப் போல 3.14 மடங்கு. எனவே விட்டம் எவ்வளவு அகன்றதோ, அதைப்போல 3.14 மடங்கு முனை இடைவெளி விரியும். மேலிடத்தில் 1.10 மில்லிமீட்டரும் அடியிடத்தில் 0.48 மில்லிமீட்டரும் இருந்தால் வித்தியாசம் 0.62, இதனை 3.14ஆல் வகுத்தால் தேய்வு ஏறக்குறைய 0.20 மில்லிமீட்டர். ரிங் பழையதாயினும் குற்றமில்லை. இரண்டு அளவும் ஒரே ரிங்கினுடையவை. ஆனால் துளை முட்டை வடிவானதை இம்முறை காட்டாது. அதனைப் பட்டறையிலேயே, மேல், நடு, அடி ஆகிய மூன்று உயரங்களில், ஒவ்வொன்றிலும் இரு திசைகளில் அளந்து அறியவேண்டும்.

எந்த அளவுக்குச் சீவுவது?

பெரிதாக்கிய துளைக்கு ஏற்ற பிஸ்டன்கள் 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீட்டர் என்ற படிகளில் செய்யப்படுவதுண்டு. பட்டறைகளில் இவற்றை ஓவர்சைஸ் என்பர். 0.20 மில்லிமீட்டர் தேய்ந்த துளைக்கு 0.25 ஓவர்சைஸ் போதும் எனத் தோன்றும். எப்பொழுதும் அவ்வாறன்று. 0.25 ஓவர்சைஸில் ஒவ்வொரு பக்கமும் சீவப்படுவது 0.125 மில்லிமீட்டரே. தேய்வு 0.20 முழுவதும் ஒரே பக்கத்தில் நிகழ்ந்திருந்தால், அப்பக்கத்தில் பழைய தேய்வு எஞ்சி நிற்கும். அந்நிலையில் 0.50 ஓவர்சைஸே தேவைப்படும். ஆகவே தேய்வின் அளவோடு, அது எந்தப் பக்கம் நிகழ்ந்தது என்பதையும் பட்டறைக்காரருடன் கலந்து முடிவு செய்யவேண்டும்.

கழற்றி மாற்றக்கூடிய லைனர் உள்ள எஞ்சினாயின், சீவும் கூலியும் ஓவர்சைஸ் பிஸ்டனும் சேர்ந்த செலவைப் புதிய லைனர், பிஸ்டன் ஆகியவற்றின் விலையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது சிக்கனத்திற்கு வழியாகும்.

பிஸ்டன் முதலில், சீவுதல் பின்னர்

எந்த ஓவர்சைஸ் என்பது தீர்ந்ததும் பிஸ்டனை வாங்கிப் பட்டறையில் ஒப்படைக்க வேண்டும். பெட்டியின் மீது அச்சிட்ட எண்ணை மட்டும் நம்பிச் சீவலாகாது. பிஸ்டனின் கீழ்ப்பகுதியை, பின்னுக்குக் குறுக்கான திசையில் மைக்ரோமீட்டரால் அளந்து, தயாரிப்பாளர் கூறும் இடைவெளியை அதனுடன் கூட்டினால் கிடைப்பதே இறுதித் துளை அளவு. உதாரணமாக, பிஸ்டன் 80.40 மில்லிமீட்டர், இடைவெளி 0.10 எனில், துளை 80.50 ஆகவேண்டும். இவை விளக்கத்திற்கான எண்களே. உரிய இடைவெளியை அந்தந்த எஞ்சினின் கையேட்டில் காண்க.

இடைவெளி ஏன்? அலுமினியப் பிஸ்டன், உஷ்ணத்தில் வார்ப்பிரும்பைப்போல் ஏறக்குறைய இருமடங்கு விரிகிறது. இடைவெளி குறைந்தால் பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளும். மிகுந்தால் தட்டும், எண்ணெய் குடிக்கும். அளக்கும் வேளையும் முக்கியம். இப்பொழுதுதான் சீவிய சிலிண்டர் 30 டிகிரி சூடாக இருந்தால், 80 மில்லிமீட்டர் துளை ஏறக்குறைய 0.026 மில்லிமீட்டர் விரிந்திருக்கும். மேற்கூறிய இடைவெளியில் இது கால் பங்கு. துளையும் பிஸ்டனும் ஒரே குளிர்ச்சி நிலையில் இருக்கும்போதுதான் அளக்கவேண்டும்.

கிராங்க் தண்டும் ஹெட்டும்

கிராங்க் தண்டைச் சாணை பிடிக்கக் கொடுக்குமுன், அந்தக் குறைந்த அளவுக்குரிய பேரிங் கிடைக்கிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். தண்டின் உருண்டைப் பகுதி பக்கச் சுவரோடு சேரும் மூலை, வளைவாகவே இருத்தல் அவசியம். அது கூர்மையாகிவிட்டால், விசை அம்மூலையில் குவிந்து நாளடைவில் தண்டு முறியும். எண்ணெய்த் துளைகளின் விளிம்பு மழுக்கப்பட்டு, உள்ளே சாணைத்தூள் இன்றி இருக்கிறதா என்பதையும் பார்க்கவேண்டும்.

வெடிப்பு உண்டா என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. பகுதியை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நன்கு துடைத்து, சுண்ணக்கட்டித் தூள் பூசி வைத்தால், வெடிப்பினுள் தங்கிய எண்ணெய் கசிந்து கோடாகத் தெரியும். மிக நுண்ணிய வெடிப்புகளைக் கண்டறியக் காந்தத்தூள் சோதனை வேண்டும்.

ஹெட் கோணியிருந்தால் அதனைச் சமன் செய்யலாம். ஆனால் கையேடு அனுமதிக்கும் அளவுக்கு மேல் சீவலாகாது. புதுப்பித்த எஞ்சினில் பிஸ்டன் மேலே வரும்போது ஹெட்டிற்கு எவ்வளவு இடம் விடுகிறது என்பதை ஈயக் கம்பியால் அறியலாம். பிஸ்டனின் மேல் கம்பியை வைத்து, ஹெட்டை முறைப்படி இறுக்கி, எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுற்றிய பின் வெளியே எடுத்து, நசுங்கிய கம்பியின் தடிப்பை அளந்தால் அதுவே அந்த இடைவெளி.

வேலைச் சீட்டு

வாய்ச்சொல்லால் விளையும் தகராறுகள் பல. "இருபது சைஸ்" என்று ஒருவர் கூறுவது அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு, அதாவது 0.508 மில்லிமீட்டர், மற்றொருவர் அதனை 0.50 மில்லிமீட்டர் என்று கொள்ளக்கூடும். 1956ஆம் ஆண்டில் எடை அளவுத் தரச் சட்டம் நிறைவேறி மெட்ரிக் முறை நாட்டில் வந்த பின்னரும், பட்டறைப் பேச்சில் அங்குலம் மறையவில்லை. ஆகவே கீழ்க்கண்டவற்றை இரண்டு பிரதிகளாக எழுதி, இரு தரப்பாரும் வைத்துக்கொள்ளுதல் நலம்:

1. ஒப்படைத்த பகுதிகளின் பட்டியலும் அடையாளக் குறியும்.
2. பிஸ்டனின் அளந்த அளவு, வேண்டிய இடைவெளி, இறுதித் துளை அளவு, ஒவ்வொன்றிற்கும் அளவலகு.
3. கிராங்க் தண்டின் இறுதி அளவு. மூலை வளைவு காக்கப்பட வேண்டும் என்ற குறிப்பு.
4. ஹெட், வால்வு இருக்கை ஆகியவற்றில் செய்யவேண்டிய வேலை.
5. கூலி, திரும்பத் தரும் நாள்.
6. எதிர்பாராத பழுது தென்பட்டால், கேட்ட பின்னரே மேலே செல்லவேண்டும் என்ற ஒப்புதல்.

நடவுக்கு முந்திய வாரங்களில் பட்டறைகளில் நெருக்கடி மிகும். நீர் தேவைப்படாத மாதங்களில் வேலையைக் கொடுத்தால், பட்டறைக்காரரும் அவசரமின்றிச் செய்வார்.

திரும்பப் பெறும்போது

பணம் செலுத்துமுன், இருவர் முன்னிலையிலும் ஒரே கருவியால் அளந்து பார்ப்பது முறை. நல்ல பட்டறைக்காரர் இதனை விரும்பவே செய்வார். அவருடைய வேலைக்கு அதுவே சான்று. ஹோனிங் செய்த துளையில் ஒன்றையொன்று வெட்டும் மெல்லிய கோடுகள் சீராகத் தெரியவேண்டும். எண்ணெயைத் தாங்குபவை அவையே.

ஹோனிங் கல்லின் துகள்கள் துளையில் தங்கினால், புதிய ரிங்குகளைச் சில நாட்களிலேயே அரித்துவிடும். மண்ணெண்ணெயால் துடைப்பது மட்டும் போதாது. சோப்பும் வெந்நீரும் கொண்டு தூரிகையால் தேய்த்து, வெள்ளைத் துணியால் துடைத்தால் கறை படியாத வரை கழுவி, உலர்த்தி, உடனே எண்ணெய் பூசவேண்டும். இது யார் பொறுப்பு என்பதையும் முன்னரே பேசிக்கொள்ளுதல் நன்று.

இறுதியாக, எஞ்சின் ஏன் தேய்ந்தது என்ற கேள்விக்கு விடை காணாமல் பூட்டலாகாது. காற்று வடிகட்டியில் எண்ணெய் வற்றியிருந்தாலும், அதன் இணைப்புக் குழாய் பிளந்திருந்தாலும், வயற்புழுதி நேரே சிலிண்டருக்குள் செல்லும். அதனைச் சீர் செய்யாவிடில், புதுப்பித்த செலவு அனைத்தும் அடுத்த பருவத்திலேயே வீணாகும்.

வகுப்பில் செய்யத்தக்கவை

பழைய சிலிண்டர் ஒன்றையும் ரிங்கையும் கொண்டு தேய்வை மதிப்பிடும் சோதனையை மாணவர்களைக்கொண்டு செய்விக்கலாம். மேல், அடி இடைவெளிகளை வெவ்வேறு மாணவர்கள் தனித்தனியே அளந்து, பின்னர் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். அளவுகள் வேறுபடுமாயின், காரணம் ரிங் சாய்ந்ததா, அழுக்கா, தகட்டை அழுத்திச் செருகியதா என்பதை அவர்களே ஆராயட்டும். ஒரே பொருளை இருவர் அளந்தும் ஒரே எண் கிடைக்கும்வரை எதையும் சீவலாகாது என்ற பட்டறை ஒழுங்கு, இச்சோதனையால் மாணவர் மனத்தில் எளிதில் பதியும்.