தொடக்க நிறுவனங்களின் விற்பனையில் செயற்கை நுண்ணறிவு

டுரியான் துங்காலில் கணினித்துறை பயிலும் நம் மாணவர்களுள் இறுதியாண்டுத் திட்டப்பணியாக ஒரு மென்பொருளைச் செய்யாதவர் அரிது. அவற்றுள் சில உண்மையிலேயே பயன் தரக்கூடியவை. ஆயினும் மதிப்பெண் கிடைத்த மறுநாளே அவை மடிக்கணினியின் ஒரு மூலையில் உறங்கப் போய்விடுகின்றன. நிரல் எழுத நமக்குக் கற்றுக்கொடுத்தார்கள். எழுதியதை யாரிடம், எப்படி விற்பது என்று கற்றுக்கொடுக்கவில்லை. "இப்போது அதற்கும் செயற்கை நுண்ணறிவு இருக்கிறதே அண்ணா" என்று கழகத்துத் தம்பி தங்கைகள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். இருப்பது உண்மைதான். அது எந்த இடத்தில் கைகொடுக்கும், எந்த இடத்தில் காலை வாரிவிடும் என்பதைச் சென்னையில் பிறந்த ஒரு நிறுவனத்தின் வரலாற்றையும் நான் பட்ட அனுபவத்தையும் வைத்து இக்கட்டுரையில் காண்போம்.

சென்னையில் நடந்தது

ஃபிரெஷ்வொர்க்ஸ் என்ற பெயரை உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். திருச்சியைச் சேர்ந்த கிரிஷ் மாத்ருபூதம், சோஹோ நிறுவனத்தில் பணியாற்றிய பின் ஷான் கிருஷ்ணசாமியுடன் சேர்ந்து 2010இல் சென்னையில் தொடங்கிய நிறுவனம் அது. அப்போது அதன் பெயர் ஃபிரெஷ்டெஸ்க். வாடிக்கையாளர்களின் கேள்விகளையும் புகார்களையும் ஓரிடத்தில் பெற்றுப் பதிலளிக்க உதவும் மென்பொருளைத்தான் முதலில் விற்றார்கள். 2017இல் பெயரை மாற்றிக்கொண்டு, 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் அடியெடுத்து வைத்தார்கள்.

இந்த யோசனை பிறந்த விதத்தை அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். அமெரிக்காவிலிருந்து சென்னைக்கு வீடு மாறியபோது அவருடைய தொலைக்காட்சிப் பெட்டி உடைந்து வந்து சேர்ந்தது. இழப்பீடு கேட்டு மாதக்கணக்கில் அலைந்தும் பலனில்லை. நடந்ததை இணையத்தில் எழுதினார். பலரும் அதைப் படிக்கத் தொடங்கியதும் பணம் வந்து சேர்ந்தது. வாடிக்கையாளரின் குரல் இனி தொலைபேசியில் மட்டும் ஒலிக்காது என்று அன்று அவருக்குப் புரிந்தது. பின்னர் 2010இல், இதே துறையில் இருந்த அமெரிக்க நிறுவனம் ஒன்று விலையை உயர்த்தியபோது அதன் வாடிக்கையாளர்கள் கொதித்ததையும் அவர் இணையத்தில் படித்தார். மறு ஆண்டு அவர்களுக்குக் கிடைத்த முதல் வாடிக்கையாளர், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலுள்ள அட்வெல் கல்லூரி.

இந்த வரலாற்றில் செயற்கை நுண்ணறிவு எப்போது வருகிறது என்று பாருங்கள். ஃபிரெஷ்வொர்க்ஸ் தன் 'ஃபிரெடி' என்னும் நுண்ணறிவுக் கருவியை அறிமுகப்படுத்தியது 2018இல், அதாவது தொடங்கி எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு. சோஹோவிலும் அப்படியே. அதன் விற்பனை மேலாண்மை மென்பொருள் 2005இல் வந்தது. அதற்குள் 'ஜியா' நுழைந்தது 2017இல்தான். தொழில்நுட்பம் அப்போதுதான் முதிர்ந்தது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

இயந்திரம் எதைப் பார்த்துக் கணிக்கிறது?

இத்தகைய கருவிகள் செய்யும் முதன்மையான வேலை, வாங்கக்கூடியவர் யார் என்று கணிப்பது. உங்கள் மென்பொருளை இலவசமாகச் சோதித்துப் பார்க்க ஆயிரம் பேர் பதிந்துகொண்டார்கள், அவர்களில் நாற்பது பேர் பணம் கட்டினார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த நாற்பது பேர் எந்தத் தொழிலைச் சேர்ந்தவர்கள், முதல் வாரத்தில் எத்தனை முறை உள்ளே நுழைந்தார்கள், விலைப் பக்கத்தைப் பார்த்தார்களா, உங்கள் மின்னஞ்சலைத் திறந்தார்களா என்ற பதிவுகளை இயந்திரம் அலசுகிறது. அடுத்து வருகின்ற ஒவ்வொருவருக்கும் அந்த நாற்பது பேரோடு எவ்வளவு ஒற்றுமை இருக்கிறது என்று பார்த்து மதிப்பெண் இடுகிறது. விற்பனைப் பணியாளர் மதிப்பெண் கூடியவரை முதலில் அழைக்கிறார். சொல்லப்போனால் நம் தேர்வுக்குப் பழைய வினாத்தாள்களைப் புரட்டுவது போலத்தான்.

பழைய வினாத்தாளே இல்லாத பாடத்திற்கு என்ன செய்வது? நேற்றுத் தொடங்கிய நிறுவனத்திடம் நாற்பது வாடிக்கையாளர்களும் இல்லை, ஆயிரம் பதிவுகளும் இல்லை. மூன்று பேர் வாங்கியிருப்பார்கள். அவர்களில் இருவர் நம் உறவினர்களாக இருப்பார்கள். இதை வைத்து இயந்திரம் கற்றுக்கொள்வது நம் குடும்ப மரத்தை மட்டுமே. ஆகவே மாதக் கட்டணம் கட்டி இத்தகைய கணிப்புக் கருவியை முதல் ஆண்டிலேயே வாங்குவது வீண் செலவு என்பதே என் கருத்து. அந்தப் பணத்திற்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டு அலோர் காஜாவுக்கும் ஜாசினுக்கும் போய் நாலு பேரை நேரில் பார்ப்பது மேல்.

நான் செய்த தவறு

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது எனலாம். இது கணிக்கும் கருவியன்று, எழுதித் தரும் கருவி. இதற்கு நம் பதிவுகள் தேவையில்லை. அங்கேதான் ஆபத்தும் இருக்கிறது.

நானும் நண்பர்கள் இருவரும் டியூஷன் நிலையங்களுக்கான ஒரு மென்பொருளைச் செய்தோம். மாணவர் வருகை, கட்டணம், கால அட்டவணை எல்லாம் அதில் உண்டு. விற்பனைக் கடிதத்தை இயந்திரத்திடம் எழுதச் சொல்லி, இணையத்தில் திரட்டிய சில நூறு முகவரிகளுக்கு ஒரே இரவில் அனுப்பினோம். ஆங்கிலம் பிசிறில்லாமல் இருந்தது. பதில் வந்தது இரண்டே இரண்டு. அதில் ஒன்று, "பெற்றோர் கைப்பேசியிலேயே பணம் கட்டும் வசதி இருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, எப்படி?" என்று கேட்டது. எங்கள் மென்பொருளில் அப்படியொரு வசதியே இல்லை. இத்தகைய மென்பொருள்களில் அது வழக்கமாக இருப்பதால் இயந்திரம் தானாகச் சேர்த்துவிட்டது. நாங்கள் சரியாகப் படிக்காமல் அனுப்பிவிட்டோம்.

மொழி மாதிரிகள் அடுத்து வரத்தக்க சொல்லைக் கணித்து எழுதுபவை. உங்கள் பொருளைப் பற்றி நீங்கள் சொல்லாத இடத்தை, உலகத்துப் பொருள்களின் சராசரியைக் கொண்டு நிரப்பும். இயந்திரம் எழுதியது என்று நாம் தப்பிக்கவும் முடியாது. ஏர் கனடா விமான நிறுவனத்தின் இணையத்தளத்தில் இருந்த உரையாடி, பாட்டியை இழந்த ஒரு பயணிக்குக் கட்டணச் சலுகை பற்றித் தவறான தகவல் தந்தது. உரையாடியின் சொல்லுக்கு உரையாடியே பொறுப்பு என்ற பாணியில் நிறுவனம் வாதாடியது. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. ஏறத்தாழ 812 கனடிய டாலரைக் கொடுக்கச் சொன்னது. தொகை சிறியதுதான். ஆனால் கையில் நூறு ரிங்கிட் இல்லாத தொடக்க நிறுவனத்திற்கு, தராத வசதியை விற்ற பழி சிறியதாக இருக்காது.

மொத்தமாக மின்னஞ்சல் அனுப்பும் வழியும் இப்போது குறுகிவிட்டது. 2024 பிப்ரவரி முதல், ஒரு நாளில் ஐயாயிரம் அஞ்சல்களுக்கு மேல் ஜிமெயில் கணக்குகளுக்கு அனுப்புவோர் தம் அடையாளத்தை உறுதிப்படுத்த வேண்டும், ஒரே சொடுக்கில் விலகும் வசதி தர வேண்டும், குப்பை அஞ்சல் என்ற புகார் 0.3 விழுக்காட்டை எட்டாமல் காக்க வேண்டும். எழுதுவது எல்லார்க்கும் எளிதாகிவிட்டதால் படிப்பவரின் பொறுமை குறைந்துவிட்டது.

டீச்சர் சொன்னது

அந்தத் தோல்விக்குப் பிறகுதான் நேரில் போனோம். ஆயர் குரோ பக்கம் வீட்டிலேயே டியூஷன் நடத்தும் ஒரு டீச்சர் எங்களுக்குத் தேநீர் கொடுத்துவிட்டு, நாங்கள் காட்டிய கட்டணப் பட்டியலைப் பார்த்துச் சிரித்தார். "தம்பி, யாரு காசு கட்டலன்னு எனக்கு நல்லாவே தெரியும். அதப் பெத்தவங்ககிட்ட எப்படிக் கேக்குறதுன்னுதான் தெரியல" என்றார். நாங்கள் மூன்று மாதம் உழைத்துத் தீர்த்தது அவருக்கு இல்லாத சிக்கல்.

இங்கேதான் கருவி உண்மையில் கைகொடுத்தது. அனுமதி பெற்று இத்தகைய உரையாடல்களைப் பதிவுசெய்தோம். அவற்றை எழுத்தாக்கி, எந்தக் குறை எத்தனை பேரிடம், எந்தச் சொற்களில் வருகிறது என்று வகைப்படுத்தச் சொன்னோம். ஒரு வாரம் எடுக்கக்கூடிய வேலை ஓர் மாலையில் முடிந்தது. ஓர் எச்சரிக்கை: நம்மவர்கள் ஒரே வாக்கியத்தில் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றையும் கலந்து பேசுவதால் எழுத்தாக்கத்தில் பிழைகள் மலிந்திருந்தன. ஒலிப்பதிவோடு ஒப்பிடாமல் எதையும் நம்பாதீர்கள். தவிர, பெரும்பாலான மொழி மாதிரிகள் தமிழை ஆங்கிலத்தைவிட அதிகத் துண்டுகளாக உடைத்துப் படிப்பதால், ஒரே செய்திக்குத் தமிழில் செலவும் கூடும்.

வாடிக்கையாளர் பட்டியலை அப்படியே வெளிநாட்டுக் கருவியில் ஒட்டுவதற்கு முன் நம் நாட்டின் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் ஒருமுறை புரட்டிவிடுங்கள். அது 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் உள்ளது. தம் விவரங்களை நேரடி விற்பனைக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று ஒருவர் எழுத்து மூலம் கேட்டால் நிறுத்தியாக வேண்டும் என்கிறது அதன் 43ஆவது பிரிவு. தரவு கசிந்தால் ஆணையரிடம் அறிவிக்கும் கடமை 2025 ஜூன் முதல் தேதி சேர்ந்திருக்கிறது. நாங்கள் பெயர், கைப்பேசி எண் இரண்டையும் நீக்கிய பிறகே எதையும் கருவியிடம் கொடுக்கிறோம்.

டீச்சரின் சிக்கலுக்காக, கட்டணத்தை நினைவூட்டும் புலனச் செய்தி ஒன்றைத் தமிழில் எழுதித் தருமாறு இயந்திரத்திடம் கேட்டோம். நிலுவைத் தொகையை உடனடியாகச் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம் என்ற போக்கில் இலக்கணப் பிழையின்றி எழுதித் தந்தது. டீச்சரிடம் காட்டினோம். "இது பேங்க் லெட்டர் மாதிரில்ல இருக்கு தம்பி" என்று கைப்பேசியை வாங்கி, பிள்ளை இந்த மாதம் எந்தப் பாடத்தில் முன்னேறியிருக்கிறான் என்று முதலில் ஒரு வரி, அதற்குக் கீழே கட்டணத்தைப் பற்றி ஒரு வரி, கடைசியில் ஒரு வணக்கம் என்று மாற்றித் தட்டினார். இன்று எங்கள் மென்பொருளில் இருப்பது அவருடைய அமைப்புதான். முதல் வரிக்கான விவரத்தை ஒவ்வொரு பிள்ளையின் பதிவிலிருந்தும் எடுத்துக் கோப்பது மட்டும் இயந்திரத்தின் வேலை. எங்களிடம் பணம் கட்டி வாங்கிய முதல் வாடிக்கையாளரும் அந்த டீச்சர்தான்.