501-வது யூனிட்டின் விலை

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் பக்கம் பல நெசவாளர் குடும்பங்களுக்கு வீடும் தொழிற்கூடமும் ஒன்றுதான். முன்கட்டில் தறி, பின்கட்டில் சமையல். ஆபீஸ் போகிறவர் வீட்டில் பகலெல்லாம் அணைந்து கிடக்கும் விளக்கும் மின்விசிறியும் இங்கே பத்து, பன்னிரண்டு மணி நேரம் ஓடுகின்றன. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கப் பொதுவாகச் சொல்லப்படும் யோசனைகள் பாதி இந்த வீடுகளுக்குப் பொருந்துவதில்லை. தெருவில் வாய்வழியாகப் பரவும் நம்பிக்கைகளோ பல நேரம் கைக்காசைக் கரைக்கின்றன.

"500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும்தானே கூடுதல் காசு?"

இல்லை. தமிழ்நாட்டு வீட்டுக் கட்டணத்தில் முக்கியமான இடமே இதுதான். 2022 செப்டம்பர் 10 முதல் அமலான கட்டணத்தை வைத்துக் கணக்குப் போடுவோம். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் நிற்கும் வீட்டுக்கு முதல் 100 இலவசம்; அடுத்த 100 யூனிட்டுக்கு தலா 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, அதற்கு மேல் 500 வரை 6 ரூபாய். மொத்தம் 1,725 ரூபாய். ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால், அந்த 2.25 என்ற சலுகை விலை மறைந்துவிடும். 101-லிருந்து 400 வரை எல்லாமே 4.50 ஆகிவிடும். 501-வது யூனிட்டுக்கு 8 ரூபாய். கூட்டிப் பார்த்தால் 1,958. அதாவது 500-வது யூனிட்டின் விலை 6 ரூபாய், 501-வது யூனிட்டின் விலை 233 ரூபாய்.

பிறகு வந்த உயர்வுகளில் எண்கள் கொஞ்சம் மாறியிருக்கின்றன. ஆனால் 480, 520 என்று ஊசலாடும் குடும்பம் எதைச் செய்தாலும் முதலில் 500-க்குக் கீழே இறங்குவதைத்தான் குறியாக வைக்க வேண்டும் என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும். ஈ.பி. கார்டில் போன தடவை எழுதிய ரீடிங்கைப் பார்த்து, ஒரு மாதம் ஆனதும் மீட்டரைப் போய்ப் பாருங்கள். அதற்குள் 250 தாண்டியிருந்தால் மீதி மாதத்தில் சுதாரித்துக்கொள்ளலாம்.

இதற்கு நேர்மாறான நம்பிக்கையும் உண்டு: 500 தாண்டினால் அந்த இலவச 100 யூனிட்டும் போய்விடும் என்பார்கள். அது போகாது. 2016 மே மாதம் வந்த அந்தச் சலுகை வீட்டு இணைப்புகள் எல்லாவற்றுக்கும் உண்டு.

"வீட்டில் தறி இருந்தால் கமர்ஷியல் ரேட் போட்டுவிடுவார்கள்"

நெசவாளர் வீட்டில் இருக்கும் கைத்தறி வீட்டுக் கட்டணப் பிரிவிலேயே வருகிறது. வெளியாளைக் கூலிக்கு வைத்து நெய்தாலும் அப்படித்தான். பயந்துகொண்டு தறியை இருட்டில் ஒதுக்க வேண்டாம். கைத்தறி நெசவாளர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023-ல் 300 யூனிட்டாக உயர்ந்தது. உங்கள் பில்லில் அது கழிக்கப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். கழியவில்லை என்றால் கைத்தறித் துறை அலுவலகத்திலும் ஈ.பி. ஆபீஸிலும் கேட்பது உங்கள் உரிமை. அந்த 300-க்குள்ளேயே உங்கள் உபயோகம் முடிந்துவிடுகிறது என்றால், மின்சாரத்தை மிச்சம் பிடிக்கப் புதுச் சாமான் எதையும் வாங்காதீர்கள். இல்லாத பில்லில் எதையும் குறைக்க முடியாது.

"கிரைண்டரும் மிக்சியும்தான் கரண்டைத் தின்கின்றன"

சத்தம் போடும் சாமான் மீதுதான் எல்லோருக்கும் சந்தேகம். மாவரைக்கும்போது மீட்டர் வேகமாக ஓடுவது கண்ணுக்குத் தெரிகிறது, அதனால். ஆனால் 150 வாட் கிரைண்டர் அரை மணி ஓடினால் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. 1,000 வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால்தான் ஒரு யூனிட். வாட்டை மட்டும் பார்க்காமல் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அப்படிப் பார்த்தால் டி.வி. பக்கத்தில் சின்னதாக உட்கார்ந்திருக்கும் செட்-டாப் பாக்ஸ் வெளிச்சத்துக்கு வருகிறது. ரிமோட்டில் டி.வி.யை அணைத்தாலும் அது தூங்குவதில்லை. 10 வாட் என்று வைத்துக்கொண்டாலும் இரவும் பகலும் ஓடி இரண்டு மாதத்தில் 14 யூனிட்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். சுவரில் இருக்கும் ஸ்விட்சை அணைப்பதற்குச் செலவில்லை. செருகியபடி விட்ட போன் சார்ஜருக்காக வீட்டில் பிள்ளைகளைத் திட்டுவார்கள். நல்ல சார்ஜர் ஒன்று போன் மாட்டாமல் சும்மா இருக்கும்போது இரண்டு மாதம் முழுக்க அரை யூனிட்டுகூட எடுக்காது. ராத்திரி ஃப்ரிட்ஜை அணைத்து வைப்பதும் வீண். இரவில் மிச்சமானதில் பெரும்பகுதியைக் காலையில் கம்ப்ரசர் விடாமல் ஓடித் திரும்ப எடுத்துக்கொள்ளும், பாலும் கெடும். அதற்குப் பதில் ஃப்ரிட்ஜின் பின்பக்கம் சுவரிலிருந்து கொஞ்சம் இடம் விட்டு, கதவு ரப்பர் பிடிக்கிறதா என்று பாருங்கள்.

"மின்விசிறியை மெதுவாக வைத்தாலும் கரண்ட் அதேதான்"

பழைய பெட்டி ரெகுலேட்டர் இருந்த காலத்தில் இது பெருமளவு உண்மை. மின்விசிறியில் குறைந்ததை அந்தப் பெட்டி சூடாகி வீணாக்கிவிடும். இப்போதுள்ள எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் அப்படியில்லை, வேகத்தைக் குறைத்தால் உண்மையிலேயே குறையும்.

பெரிய மிச்சம் மின்விசிறியை மாற்றுவதில்தான். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட் எடுக்கும், பி.எல்.டி.சி. மோட்டார் வைத்தது சுமார் 30 வாட். சித்திரை, வைகாசி வெயிலில் ஒரு மின்விசிறி தினமும் பதினைந்து மணி நேரம் ஓடினால் வித்தியாசம் இரண்டு மாதத்தில் 40 யூனிட். மூன்றை மாற்றினால் 120. 560 யூனிட் ஓடும் வீடு 440-க்கு வருகிறது. மேலே சொன்ன அதே கட்டணப்படி பில் 2,430-லிருந்து 1,365 ஆகிறது. மூன்றையும் ஒரே நாளில் மாற்ற முடியாதவர்கள் அதிக நேரம் சுற்றும் ஒன்றை முதலில் மாற்றட்டும். தறிக் கூடத்தில் அது எது என்று சொல்லத் தேவையில்லை.

"எல்.இ.டி. வெளிச்சத்தில் பட்டின் நிறம் தெரியாது"

இதைச் சொல்பவர்களை நான் மதிக்கிறேன், ஏனென்றால் இதில் அனுபவம் இருக்கிறது. அரக்குக்கும் மெரூனுக்கும் உள்ள வித்தியாசம், பாவும் ஊடையும் வேறு வேறு நிறமாக ஓடும் சேலையின் சாயல், கோர்வையில் கரையும் உடலும் சேரும் இடம், இதெல்லாம் மலிவான எல்.இ.டி.யில் மங்கித்தான் தெரியும். கோளாறு எல்.இ.டி.யில் இல்லை, அதன் தரத்தில் இருக்கிறது. நல்ல விளக்கின் அட்டைப் பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். பொருளின் நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான அளவு அது, உச்சம் 100. தறிக்கு 90-ம் அதற்கு மேலும் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். பழைய டியூப் லைட் சோக்கோடு சேர்த்து 50 வாட் எடுக்கும், எல்.இ.டி. டியூப் 20 வாட்டில் முடிந்துவிடும். தினம் பத்து மணி நேரம் எரிந்தால் ஒரு விளக்கில் 18 யூனிட் மிச்சம்.

இன்னொன்று, விளக்கு எங்கே தொங்குகிறது என்பது. குழித்தறியில் உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து அதிக உயரத்தில் இல்லை, விளக்கோ உத்தரத்தில் இருக்கிறது. பல்புக்கும் துணிக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் வெளிச்சம் ஏறக்குறைய நாலு மடங்காகும். நாடா ஓடும் இடத்துக்கு மேலே, நெய்பவரின் கை நிழல் விழாதபடி இறக்கிக் கட்டிய 9 வாட் பல்பு உத்தரத்தில் எரியும் இரண்டு டியூப்களை விடக் கண்ணுக்கு நல்லது. வயதான நெசவாளர்களின் கண்ணை நினைத்தாவது இதைச் செய்ய வேண்டும்.

"5 ஸ்டார் என்றால் 5 ஸ்டார்தான்"

பி.இ.இ. எனப்படும் எரிசக்தித் திறன் பணியகம் நட்சத்திர அளவுகோலை அவ்வப்போது கடினமாக்குகிறது. பழைய 5 ஸ்டார் இன்றைய 5 ஸ்டாருக்குக் கீழே இருக்கலாம். ஸ்டிக்கரில் உள்ள ஆண்டையும், வருடத்துக்கு எத்தனை யூனிட் என்ற எண்ணையும் பாருங்கள். ஏ.சி.க்கு அந்த எண் வருடத்தில் 1,600 மணி நேர ஓட்டத்துக்குப் போட்டது. சாதாரண ஏ.சி.யை 18-ல் வைத்தால் அறை சீக்கிரம் குளிராது, கம்ப்ரசர் நிற்காமல் ஓடும், அவ்வளவுதான். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது அதே பணியகத்தின் கணக்கு.

"இந்தப் பெட்டியைச் செருகினால் பில் பாதியாகும்"

பவர் சேவர் என்று விற்கும் சின்னப் பிளாஸ்டிக் பெட்டியைப் பற்றி எனக்குக் கோபமே உண்டு. உள்ளே பெரும்பாலும் ஒரு கெபாசிட்டரும் ஒரு விளக்கும்தான். கெபாசிட்டர் பவர் ஃபேக்டரைத் திருத்தும், அது தொழிற்சாலைக்கு உதவும். வீட்டு மீட்டரோ உண்மையில் செலவான யூனிட்டை மட்டுமே எண்ணுகிறது. அதனால் அந்தப் பெட்டியால் வீட்டு பில் குறையாது. நாள்கூலிக்கு நெய்பவரிடம் இதை விற்பது ஏமாற்று.

புது மீட்டர் வேகமாக ஓடுகிறது என்ற சந்தேகத்தை வீட்டிலேயே சோதிக்கலாம். மீட்டர் முகத்தில் சிவப்பு விளக்கு சிமிட்டும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்றும் அங்கேயே எழுதியிருக்கும், பல மீட்டர்களில் அது 3,200. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியை மட்டும் போட்டு, அது சூடாகும் முதல் நிமிடத்தில் எண்ணுங்கள். 53 சிமிட்டல் வாக்கில் வந்தால் மீட்டர் சரி. மின்னழுத்தத்தைப் பொறுத்துச் சற்று ஏறி இறங்கும். வித்தியாசம் ரொம்ப அதிகமாக இருந்தால் ஈ.பி. ஆபீஸில் பணம் கட்டி மீட்டரைச் சோதிக்கச் சொல்லலாம். இஸ்திரிப் பெட்டியையும் எடுத்து, எல்லா ஸ்விட்சையும் அணைத்த பிறகும் அந்த விளக்கு சிமிட்டினால், முதலில் பிளக்கில் மாட்டியபடி விட்டது ஏதாவது உண்டா என்று தேடுங்கள். அதுவும் இல்லை என்றால் பழைய வயரிங்கில் எங்கோ கசிவு இருக்கக்கூடும். கசிவில் பணமும் போகும், உயிருக்கும் ஆபத்து. அன்றைக்கே ஒயர்மேனைக் கூப்பிடுங்கள்.